மண்ணில் எதைப் போட்டால் பயிருக்குள் கதிரியக்கம் ஏறாது?

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே திருக்கழுக்குன்றம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கீரையும் போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்பாக்கம் பக்கம் என்பதால் வீட்டில் பயப்படுகிறார்கள். நிலத்தில் இப்போதே ஜியோலைட் கலந்து வைத்தால், நாளைக்கு ஏதாவது நடந்தாலும் பயிருக்குள் கதிரியக்கப் பொருள் ஏறாது என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். பொட்டாஷ், சுண்ணாம்பு, தொழுவுரம் எல்லாமே தடுக்கும் என்றும் படித்தேன். எதை நம்புவது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம்; அதை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை மண் பரிசோதனைக்குச் செலவு செய்யுங்கள். உங்கள் மண்ணில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் பொட்டாஷ் உரத்தால் அதை நிரப்புங்கள். நெல்லுக்கும் அது தேவைதான். மண்ணில் இடும் எந்தப் பொருளும் எல்லாக் கதிரியக்கப் பொருளையும் தடுக்காது. எந்தத் தனிமம் விழுந்திருக்கிறது, உங்கள் மண்ணில் எது பற்றாக்குறை என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால்தான் எதைப் போடுவது என்று சொல்ல முடியும். மண் வேதியியலில் இத்தனை வருடமாக இருப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் இருப்பவர்களிடம் மூட்டையை விற்பது மிகச் சுலபம்.

இன்றைய நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மண்ணை ஆய்வகத்தில் அளந்தால் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் தென்படலாம். அது பெரும்பாலும் 1950, 60களில் வல்லரசுகள் வானத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சம். உலகம் முழுக்க விழுந்தது, நம் பக்கமும் விழுந்தது. வெப்ப மண்டலத்தில் குறைவாகவே விழுந்தது. நம் ஊர் மண்ணில் அது கிலோவுக்குச் சில பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்ற அளவில்தான் இருக்கும். அதே மண்ணில் இயற்கையாக உள்ள பொட்டாசியம்-40 மட்டும் கிலோவுக்குச் சில நூறு பெக்கரல் இருக்கும். ஆகவே இன்றைக்கு நீங்கள் விளைவிக்கும் கீரையைக் காப்பாற்ற எந்தப் பொருளும் போட வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் கேள்வி "நாளைக்கு" பற்றியது. அதற்கு, அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் உக்ரைனின் செர்னோபில் சுற்றுவட்டாரத்திலும் விவசாயிகள் பட்ட பாட்டிலிருந்து தெளிவான பதில் இருக்கிறது.

அணு உலை விபத்தில் வெளியேறும் பொருட்களில் விவசாய நிலத்தை நீண்ட காலம் தொல்லை செய்வது முக்கியமாக இரண்டு. சீசியம்-137, அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 30 ஆண்டு. ஸ்ட்ரான்சியம்-90, சுமார் 29 ஆண்டு. சீசியம்-134-ம் கூட வரும், ஆனால் அதன் அரை ஆயுள் இரண்டு ஆண்டுதான். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். அது முதல் சில வாரங்களின் பிரச்சினை, அதிலும் முக்கியமாகப் பாலின் பிரச்சினை. ஃபுகுஷிமாவில் நிலத்தில் விழுந்தது பெரும்பாலும் சீசியம். 1957-ல் சோவியத் யூனியனின் மாயக் அணு வளாகத்தில் கதிரியக்கக் கழிவுத் தொட்டி வெடித்தபோது நிலத்தைக் கெடுத்ததில் முக்கியமானது ஸ்ட்ரான்சியம். இந்த வித்தியாசம் ஏன் பெரிது என்றால், ஒன்றைத் தடுக்கும் மருந்து மற்றதற்கு அநேகமாக வேலை செய்யாது.

வேர் சீசியத்தை வேண்டும் என்று எடுப்பதில்லை. பயிருக்குச் சீசியத்தால் எந்த உபயோகமும் இல்லை. ஆனால் தனிம அட்டவணையில் பொட்டாசியமும் சீசியமும் ஒரே குடும்பம். பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவர வேரில் இருக்கும் புரத வாயில்கள் சீசியத்தையும் உள்ளே விட்டுவிடும். மண் கரைசலில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால், பயிர் சாதாரண வாயில்களை வைத்தே காலம் தள்ளும். அவை சீசியத்தை அவ்வளவாக விடுவதில்லை. பொட்டாசியம் வறண்டுபோனால், கிடைக்கும் துளியையும் இழுத்துக்கொள்ளும் வேறு வகை வாயில்களைப் பயிர் அதிகமாக உருவாக்குகிறது. சீசியம் நுழைவது முக்கியமாக அவை வழியாகத்தான். நெல்லில் அப்படிப்பட்ட ஒரு மரபணுவை முடக்கிப் பார்த்தபோது சீசியம் ஏறுவது வெகுவாகக் குறைந்தது. ஆக, பொட்டாசியப் பசியோடு இருக்கும் பயிர்தான் சீசியத்தை அதிகம் எடுக்கும். பொட்டாஷ் போடுவதன் தத்துவம் முழுக்க இவ்வளவுதான்.

மறுபக்கம் மண். சீசியம் மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பதைத் தீர்மானிப்பது களியின் வகை. இல்லைட், மைக்கா, வெர்மிகுலைட் போன்ற களிக் கனிமங்கள் அடுக்கடுக்கான ஏடுகளால் ஆனவை. பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரம் போல, காலப்போக்கில் இந்த ஏடுகளின் விளிம்பு சிதைந்து லேசாக விரியும். அந்த விரிந்த விளிம்பில் சீசியம் அயனி பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஏடுகள் அதன்மேல் மூடிக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம். கால்சியமோ மெக்னீசியமோ அந்த இடத்துக்குப் போட்டி போட முடியாது, அவை தண்ணீரைப் போர்த்திக்கொண்டு பெரிதாகத் திரிபவை. போட்டி போடக்கூடியவை பொட்டாசியமும் அம்மோனியமும் மட்டும். சீசியம் விழுந்த முதல் வருடத்தைவிட அடுத்தடுத்த வருடங்களில் பயிருக்குள் ஏறுவது தானாகவே குறைவதற்குக் காரணமும் இந்தப் பிடிப்புதான்.

களி இல்லாத, கரிமப் பொருள் மட்டும் நிறைந்த மண்ணில் இந்தப் பிடிப்பு கிடையாது. செர்னோபில் மேகம் 1986-ல் பிரிட்டனின் மலைப் பகுதிகளில் மழையோடு இறங்கியது. விழுந்த அளவு உக்ரைனோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் அங்கே அமிலத்தன்மை கொண்ட கரிமச் சதுப்பு மண். சீசியம் பிடிபடாமல் புல்லுக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. வேல்ஸ், கம்ப்ரியா பகுதிகளில் சில பண்ணைகளின் ஆடுகள் மீதான கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. உக்ரைன், பெலாரஸ் எல்லையில் உள்ள சதுப்பு நிலங்களிலும் இதே கதை. மண்ணில் எவ்வளவு விழுந்தது என்பதைவிட எந்த மண்ணில் விழுந்தது என்பதுதான் சாப்பாட்டுத் தட்டுவரை வருவதைத் தீர்மானித்தது.

இப்போது ஃபுகுஷிமா. 2011 மார்ச்சில் விபத்து, ஏப்ரலில் நாற்று விட வேண்டும். மண்ணில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அரிசிக்கு ஏறும் என்று வைத்துக்கொண்டு, அரிசிக்கு அப்போதைய வரம்பு கிலோவுக்கு 500 பெக்கரல் என்பதால், மண்ணில் கிலோவுக்கு 5,000 பெக்கரலுக்கு மேல் இருந்தால் நெல் நடக் கூடாது என்று ஜப்பான் அரசு விதித்தது. பத்தில் ஒன்று என்பது நல்ல பாதுகாப்பான ஊகம். பெரும்பாலான வயல்களில் ஏறியது அதைவிட வெகு குறைவு. ஆனாலும் அந்த இலையுதிர் காலத்தில் ஃபுகுஷிமா நகரத்தின் ஓனாமி பகுதியில் வரம்பைத் தாண்டிய அரிசி கிடைத்தது. மண்ணில் சீசியம் அனுமதித்த அளவுக்குள் இருந்தும் இப்படி. ஆராய்ந்து பார்த்தபோது பொதுவாக அகப்பட்ட காரணம், வரம்பு தாண்டிய வயல்களில் பயிர் எடுக்கக்கூடிய பொட்டாசியம் மிகக் குறைவாக இருந்தது.

அதன் பிறகு அவர்கள் ஒரு இலக்கு வைத்துக்கொண்டார்கள்: 100 கிராம் உலர்ந்த மண்ணில், மாற்றீடாகக்கூடிய (பயிர் எளிதில் எடுக்கக்கூடிய) பொட்டாசியம், பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில், குறைந்தது 25 மில்லிகிராம். வழக்கமான உரத்துக்கு மேல் பொட்டாஷ் கொடுத்து அந்த அளவுக்கு வயல்களைக் கொண்டுவந்தார்கள். 2012 ஏப்ரலிலிருந்து வரம்பையே 500-லிருந்து 100 பெக்கரலாக இறுக்கினார்கள். அந்த வருடத்திலிருந்து ஃபுகுஷிமா மாகாணத்தில் விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாக, வருடத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டைகளை அளந்தார்கள். 2012 அறுவடையில் 71 மூட்டை வரம்பு தாண்டியது, 2013-ல் 28, 2014-ல் 2, 2015 முதல் ஒன்றுகூட இல்லை. பொட்டாஷ் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மேல்மண்ணை அகற்றியது, சீசியம்-134 சிதைந்தது, களி பிடித்துக்கொண்டது எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் விவசாயி தன் கையால் செய்த காரியங்களில் அதிகம் பலன் கொடுத்தது பொட்டாஷ்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த இலக்கை நம் மண் பரிசோதனை அட்டையின் மொழிக்கு மாற்றிப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 100 கிராமுக்கு 25 மில்லிகிராம் ஆக்சைடு என்றால் கிலோ மண்ணுக்குச் சுமார் 207 மில்லிகிராம் பொட்டாசியம். மேல் 15 சென்டிமீட்டர் மண் ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 22 லட்சம் கிலோ. பெருக்கினால் ஹெக்டேருக்குச் சுமார் 460 கிலோ பொட்டாசியம் வருகிறது. தமிழ்நாட்டில் 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 280 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று அட்டையில் போடுவோம். அதாவது நம் அட்டையில் "அதிகம்" என்று வரும் மண்கூட சீசியம் விழுந்த இடத்துக்கான ஜப்பானிய இலக்கைத் தொடாமல் இருக்கலாம். விளைச்சலுக்குப் போதுமான அளவும் சீசியத்தைத் தடுக்கப் போதுமான அளவும் ஒன்றல்ல. ஆனால் அந்த இலக்கு, கதிரியக்கப் படிவு விழுந்த நிலத்துக்கானது. இப்போதே 460-க்குக் கொண்டுபோகிறேன் என்று மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் கொட்ட வேண்டாம். மணல் கலந்த மண்ணில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். அளவு மீறினால் பயிர் மெக்னீசியம் எடுப்பதும் குறையும்.

இன்னொன்று: இலக்கைத் தாண்டிய பிறகு மேலும் பொட்டாஷ் போட்டாலும் சீசியம் மேற்கொண்டு பெரிதாகக் குறைவதில்லை. பசி அடங்கிய பயிருக்கு மறுபடி மறுபடி ஊட்டி ஆவது ஒன்றுமில்லை. போடுவதானால் அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்துக்குள் மேலுரமாகவும் போட வேண்டும். கதிர் வந்த பிறகு போட்டால் நெல்மணிக்குப் பெரிய பலன் இல்லை. கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சாதாரணச் சிவப்புப் பொட்டாஷில் இருக்கும் குளோரைடு கீரைக்கு ஆகாது. சல்பேட் பொட்டாஷ் விலை அதிகம், ஆனாலும் அங்கே அதுதான் சரி.

வைக்கோலையும் இங்கே சொல்ல வேண்டும். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. நம் பக்கம் வைக்கோலைக் கட்டி மாட்டுக்கோ விற்பனைக்கோ அனுப்பிவிடுகிறோம். அது வயலுக்குத் திரும்புவதில்லை. வருடா வருடம் யூரியாவும் டிஏபியும் மட்டும் போட்டு, பொட்டாஷை மறந்து, வைக்கோலையும் விற்றால் அந்த வயல் மெல்ல மெல்ல ஓனாமி வயல் மாதிரி ஆகிக்கொண்டிருக்கும். உங்கள் நிலம் அப்படித்தான் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை. படிவு விழுந்த காலத்திலோ வைக்கோலே ஆபத்தாகும்: நெல்மணியைவிட அதில் சீசியம் அதிகம் சேரும். 2011 ஜூலையில் ஜப்பானில் மாட்டிறைச்சி மாசுபட்ட விவகாரம், திறந்தவெளியில் கிடந்த வைக்கோலை மாடுகளுக்குப் போட்டதால் வந்தது. அரிசியிலும் தவிட்டில்தான் செறிவு கூடுதல். தீட்டிய அரிசியில் குறைவு.

நைட்ரஜன் உரம் இந்தக் கணக்கில் எதிர்க்கட்சி. யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறும். தண்ணீர் நிற்கும் வயலில் காற்று இல்லாததால் அது நைட்ரேட்டாக மாறாமல் அம்மோனியமாகவே தங்கும். மேலே சொன்ன களி விளிம்பில் சீசியத்தோடு போட்டி போட்டு அதை வெளியே தள்ளக்கூடியது இதே அம்மோனியம்தான். செர்னோபில் பகுதிக்கான வழிகாட்டுதல்களில், நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஒன்றரை, பொட்டாஷ் இரண்டு பங்கு என்று விகிதத்தையே திருப்பிப் போட்டதன் காரணம் இது. நம் வயல்களில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

தொழுவுரம் பற்றிக் கேட்டீர்கள், மண்புழு உரத்தையும் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இவற்றுக்கு இரண்டு முகம் உண்டு. நன்றாக மக்கிய தொழுவுரத்தில் பொட்டாசியம் இருக்கிறது. பல வருடம் தொடர்ந்து தொழுவுரம் போட்ட வயலில் அந்த வழியில் சீசியம் குறைவாக ஏறும். ஸ்ட்ரான்சியத்தைக் கரிமப் பொருள் ஓரளவு பிடித்தும் வைக்கும். ஆனால் கரிமப் பொருள் சீசியத்தை உறுதியாகப் பிடிக்காது. சில சமயம் களியின் மேல் படிந்து, களி பிடிக்க வேண்டியதைத் தடுக்கவும் செய்யும். பச்சையாக மடக்கி உழும் தழை அழுகும்போது அம்மோனியத்தையும் விடுவிக்கும். ஆகவே மக்கிய உரம் நல்லது, பச்சை உரத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. உரமே மாசைச் சுமந்துவரும் வாய்ப்பையும் மறக்கக் கூடாது. மாசுபட்ட இலைச் சருகும் மாட்டுச் சாணமும் உரமாகி வேறு வயலுக்குப் போய்விடக் கூடாது என்று ஜப்பான் 2011 ஆகஸ்டிலேயே உரங்களுக்குக் கிலோவுக்கு 400 பெக்கரல் என்று வரம்பு போட்டது. விறகுச் சாம்பல் இன்னும் மோசம். எரியும்போது எடை போய்விடும், சீசியம் பெரும்பாலும் சாம்பலில் தங்கிச் செறிவாகும்.

சென்னை மொட்டைமாடிக்காரர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மட்டும் கலந்த தொட்டி, வேதியியல்படி பார்த்தால் அந்த பிரிட்டன் சதுப்பு மண்ணுக்கு உறவு: களி கிடையாது. நார்க்கழிவில் பொட்டாசியம் இருப்பது ஒரு ஆறுதல், ஆனால் அது தண்ணீர் ஊற்ற ஊற்றக் கழுவிப் போகும். ஒரு பங்கு நல்ல செம்மண் சேர்ப்பது எந்தக் காரணத்துக்காகவும் நல்லது.

ஜியோலைட்டுக்கு வருகிறேன். விற்பனையாளர் சொல்வது முழுப் பொய் அல்ல. கிளினோப்டிலோலைட் என்ற வகை, தண்ணீரில் கரைந்த சீசியத்தை நன்றாகப் பிடிக்கும். ஃபுகுஷிமா உலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யவே ஜியோலைட் பயன்பட்டது. ஆனால் குழாயில் ஓடும் நீர் வேறு, வயல் வேறு. வயலில் சீசியம் ஏற்கெனவே களியோடு ஒட்டிக்கிடக்கிறது. அதை அங்கிருந்து பிடுங்கி எடுக்க ஜியோலைட்டால் முடிவதில்லை. ஜப்பானிய வயல் சோதனைகளில் அதன் பலன் ஒரு சீராக இல்லை. பலன் தெரிந்த இடங்களிலும் கணிசமான பங்கு, அந்த ஜியோலைட்டுக்குள் இருந்த பொட்டாசியத்தால் வந்தது. அதே பொட்டாசியத்தைப் பொட்டாஷாக வாங்கினால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இயல்பாகவே களி குறைவான மணற்பாங்கான நிலத்தில் வெர்மிகுலைட் போன்ற களிக்கனிமம் சேர்ப்பதற்கு வேதியியல் நியாயம் இன்னும் அதிகம். ஆனால் ஏக்கர் கணக்கில் டன் கணக்காகப் போட வேண்டியிருக்கும்.

அதைவிட நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது ஏரி வண்டல். செங்கல்பட்டு மாவட்டத்தில் பாசன ஏரிகள் நிறைய. அனுமதி வாங்கி வண்டல் எடுத்து மணற்பாங்கான வயலில் பரப்புவது நம் தாத்தா காலத்துப் பழக்கம். களியும் கூடும், பொட்டாசியமும் கூடும், ஈரமும் நிற்கும். இயல்பு காலத்தில் உங்கள் நிலத்துக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். ஒரே நிபந்தனை: படிவு விழுந்த பிறகு இதைச் செய்யக் கூடாது. மேட்டிலிருந்து அரித்து வரும் களியோடு சீசியமும் வந்து சேரும் இடம் ஏரியின் அடிதான். ஃபுகுஷிமாவில் பாசனக் குளங்களின் சேறு அப்படித்தான் மாசுபட்டது.

ஸ்ட்ரான்சியத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. அது கால்சியத்தின் தம்பி. களி விளிம்பில் மாட்டிக்கொள்ளாது. வருடங்கள் போனாலும் பயிர் எடுக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். கீரைகளில் அது சீசியத்தைவிடப் பல மடங்கு அதிகமாக ஏறும். இலை அதிகம் கால்சியம் சேர்க்கும், கூடவே ஸ்ட்ரான்சியமும் சேரும். இங்கே மருந்து கால்சியம். அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டால் ஏறுவது பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். ஆனால் அமில மண், கால்சியம் இல்லாத மண் என்ற நிபந்தனை முக்கியம். நீலகிரியில் அது பொருந்தும். உங்கள் பகுதியில் பிஎச் 7-க்கு மேல், அதாவது காரப் பக்கமாக, இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கே சுண்ணாம்பு போடுவதால் ஸ்ட்ரான்சியம் குறையாது, துத்தநாகப் பற்றாக்குறைதான் வரும். களர் நிலமாக இருந்து, பரிசோதனையிலும் அப்படி வந்தால், அதற்கான ஜிப்சம் போடுங்கள், கால்சியமும் கிடைக்கும். யுரேனியத்தைப் பொறுத்தவரை கதை இன்னும் திருகல்: கார மண்ணில் கார்பனேட்டோடு சேர்ந்து அது கரைந்து நகரும். அதனால் ஸ்ட்ரான்சியத்துக்காகப் போடும் சுண்ணாம்பு யுரேனியத்தை அவிழ்த்துவிடவும் கூடும். எல்லாவற்றுக்கும் ஒரே மூட்டை என்று யாராவது சொன்னால் ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஜிப்சம் என்றதும் ஒரு எச்சரிக்கை. பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும் ஆலைகளிலிருந்து துணைப்பொருளாக வரும் பாஸ்போஜிப்சமும் வயலுக்கு விற்பனையாகிறது. பாஸ்பேட் பாறையில் இயற்கையாக யுரேனியமும் அதன் வழித்தோன்றலான ரேடியமும் உண்டு; தயாரிப்பின்போது ரேடியத்தில் பெரும்பகுதி ஜிப்சத்தோடு போகும், யுரேனியம் அமிலத்தோடு போகும். பாறை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். அமெரிக்காவில் விவசாயத்துக்கான பாஸ்போஜிப்சத்தில் ரேடியம்-226 கிராமுக்கு 0.37 பெக்கரலுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1992 முதல் விதி இருக்கிறது. களர் நிலத்தைத் திருத்த ஒரு முறை போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வருடா வருடம் கொட்டுவதாக இருந்தால் பரிசோதனைச் சான்று கேட்பது உங்கள் உரிமை.

பொட்டாஷே கதிரியக்கம் உள்ளதாயிற்றே என்று கதிரியக்கம் அளக்கும் கருவியை மூட்டைமேல் வைத்துக் காட்டி யாராவது பயமுறுத்தலாம். உண்மைதான், ஒரு கிலோ பொட்டாஷில் பொட்டாசியம்-40 சுமார் 15,000 பெக்கரல் இருக்கும். ஏக்கருக்கு 50 கிலோ போட்டால் மேல்மண்ணில் கிலோவுக்கு ஒரு பெக்கரல்கூட அதிகரிக்காது. ஏற்கெனவே அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நம் உடம்பிலேயே சுமார் 4,000 பெக்கரல் பொட்டாசியம்-40 எப்போதும் இருக்கிறது. உடம்பு பொட்டாசியத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்வதால் அது கூடுவதும் இல்லை.

சரி, உண்மையிலேயே ஏதாவது நடந்தால்? கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டமிடல் பகுதி. மாவட்ட நிர்வாகம் சொல்வதைக் கேட்பதுதான் முதல் வேலை. முதல் நாட்களில் மண்ணில் எது போட்டிருந்தாலும் உபயோகம் இல்லை, ஏனென்றால் அப்போது பொருள் வேர் வழியாக வருவதில்லை, இலைமேல் நேரடியாக விழுகிறது. நிற்கும் கீரையைப் பறிக்கக் கூடாது, மாட்டை மேய விடக் கூடாது, வைக்கோல் போரையும் கிணற்றையும் மூடி வைக்க வேண்டும். முக்கியமாக, உழக் கூடாது. விழுந்த சீசியம் மேல் 5 சென்டிமீட்டரிலேயே வெகுநாள் நிற்கும். அந்தத் தோலை மட்டும் சுரண்டி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். உழுதுவிட்டால் அந்த வழி அடைபடும். ஜப்பானில் அப்படிச் சுரண்டிய இடத்தில் மலை மணலைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அதில் பொட்டாசியம் இல்லை, களியும் குறைவு. ஆகவே மீண்டும் பொட்டாஷ் போட்டுத்தான் விவசாயத்துக்குத் திரும்பினார்கள். பயிரையும் மாற்ற வேண்டியிருக்கும். முளைக்கீரை, தண்டுக்கீரை வகைகள் சீசியத்தை மற்றவற்றைவிடத் தாராளமாக இழுக்கும் குடும்பம். மண்ணைச் சுத்தம் செய்ய அவற்றையே வளர்த்துப் பார்த்த சோதனைகள்கூட உண்டு. சோயாவும் அரிசியைவிட அதிகம் எடுக்கும். அப்படிப்பட்ட மண்ணில் முதலில் திரும்ப வர வேண்டியது நெல், கடைசியில் வர வேண்டியது கீரை.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும்போது, நெல் வயலில் ஒன்றும் கீரைப் பாத்தியில் ஒன்றுமாகத் தனித்தனி மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை வெட்டிக் கலந்து அரை கிலோ போதும். உரம் போட்ட உடனே எடுக்காதீர்கள், வரப்போரத்திலும் மரத்தடியிலும் எடுக்காதீர்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, பிஎச், உப்பின் அளவு, பொட்டாசியம், கரிமச் சத்து நான்கையும் கேளுங்கள். பொட்டாசிய எண் தனிமக் கணக்கா, ஆக்சைடு கணக்கா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆக்சைடு கணக்கானால் 460-க்குப் பதில் சுமார் 550 என்று ஒப்பிட வேண்டும். அந்த எண்களையும், கடைசி மூன்று போகத்துக்கு என்ன உரம் போட்டீர்கள், வைக்கோலை என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நவரைப் பருவ நெல்லுக்கு எவ்வளவு பொட்டாஷ், வண்டல் தேவையா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.